ஏர் ஆம்புலன்ஸுக்குக் கிராக்கி கூடிவிட்டதாம், நம் ராமேஸ்வரம் கரைக்கு அது எட்டுமா?

மடத்துக்கரை

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் வாடைக்காற்று ஆரம்பித்த சமயம். என் மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர், விடியற்காலை மூன்றரை மணிக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. 108 வந்தது, ராமநாதபுரம் போனோம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் வென்டிலேட்டர். ஐந்தாம் நாள் பெரிய டாக்டர் அத்தையைக் கூப்பிட்டு, சென்னையில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது, கொண்டுபோனால் நல்லது, ஆனால் ரோட்டில் எட்டு மணி நேரம் தாங்குவாரா என்று சொல்ல முடியாது, வசதி இருந்தால் ஏர் ஆம்புலன்ஸ் பாருங்கள் என்றார்.

நான்தான் போனில் தேடினேன். ஐந்து நம்பர் கிடைத்தது. ஐந்து பேருமே சொந்த விமானம் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பார்த்தால் மூன்று பேர் அனுப்பினது ஒரே விமானம், வாலில் இருக்கிற எழுத்து உட்பட. ஒருவர் அதற்கு 4 லட்சத்து 80 ஆயிரம் கேட்டார், இன்னொருவர் 6 லட்சம் கேட்டார். அரை மணி நேரத்தில் பாதிப் பணம் போடாவிட்டால் வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவோம் என்று அவசரப்படுத்தினார்கள். அத்தையின் சங்கிலியையும் அம்மாவின் வளையலையும் அடகு வைத்துப் பணம் அனுப்பினோம். காலை பதினொரு மணிக்கு வரும் என்றார்கள், அப்புறம் மூன்று மணி என்றார்கள், அப்புறம் ஹைதராபாத்திலிருந்து கிளம்பவே இல்லை, விமானத்தில் கோளாறு என்றார்கள். அன்று ராத்திரி ரோட்டிலேயே கூட்டிப்போனோம். பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர இரண்டு மாதம் இழுத்தார்கள். பெயரை இங்கே போட விரும்பவில்லை, கேட்காதீர்கள்.

மாமா இருக்கிறார். இடது கை தூக்க வராது. திண்ணையில் உட்கார்ந்து வலையின் ஒரு ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு வலது கையால் ஊசி ஓட்டுகிறார். முன்பு பேசிக்கொண்டே போடுகிற கண்ணிக்கு இப்போது முகமெல்லாம் வியர்க்கிறது.

பேப்பரில் எங்கே பார்த்தாலும் ஏர் ஆம்புலன்ஸ் தொழில் வளர்கிறது, கிராக்கி கூடுகிறது என்று போடுகிறார்கள். அது நிஜமா? நிஜமானால் நம்மைப் போல் கடைக்கோடியில் இருப்பவனுக்கு அதில் என்ன கிடைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் சைரன்

தம்பி, நான் ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். தீவிலிருந்து மதுரை வரை எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் 115. மொத்தம் மூன்று மணி நேரம், எல்லாம் சரியாக இருந்தால்.

எல்லாம் சரியாக இருப்பதில்லை என்பதுதான் விஷயம். பாம்பன் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் காரை ஓரங்கட்டிவிட்டு, ரயில் வருகிறதா என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் கார் நின்றுவிட்டால் நடுவில் ஒரு வண்டிதான் போகும். சைரன் போட்டாலும் கடல் காற்றில் சத்தம் பின்னால்தான் போகிறது, முன்னால் நிற்பவனுக்குக் கேட்பதில்லை. நான் இறங்கி ஓடிப்போய்க் கார் கண்ணாடியைத் தட்டியிருக்கிறேன், உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண்.

இன்னொன்று ஆக்ஸிஜன். பி டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம் வரும். தீவிலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரம். இரண்டாவது சிலிண்டர் இருக்கும்தான், இருந்தாலும் முள் இறங்க இறங்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னவென்று எங்களுக்குத்தான் தெரியும். பரமக்குடி வரைக்கும் இரண்டு வழிச் சாலைதான், அதை நாலு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 46.7 கிலோமீட்டர், 1,853 கோடி. அது முடிந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதி. ஹெலிகாப்டர் வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள், ஆனால் என்னைக் கேட்டால் ரோடுதான் முதலில்.

கீழக்கரை காக்கா

துபாயிலிருந்து எழுதுகிறேன். தம்பி சொன்னதைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது.

கிராக்கி எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கள் ஊரைக் கேளுங்கள். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், இந்தக் கரையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். இங்கே ஒரு ஆளுக்குப் பக்கவாதம் வந்தால் சம்பளம் நிற்கும், விசா கேள்விக்குறியாகும், ஆஸ்பத்திரி பில் ஏறும். ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றால் படுத்த படுக்கையாக எப்படி அனுப்புவது? முழு ஏர் ஆம்புலன்ஸ் எடுப்பது நம்மைப் போன்றவர்களுக்கு நினைத்தே பார்க்க முடியாத தொகை. நாங்கள் செய்வது பயணிகள் விமானத்தில் ஸ்ட்ரெச்சர் போடுவது. பல இருக்கைகளை மடக்கி அதன் மேல் படுக்கையைப் பொருத்துவார்கள், அத்தனை இருக்கைக்கும் டிக்கெட் பணம் கட்ட வேண்டும். டாக்டர் நிரப்பித் தருகிற மெடிஃப் என்கிற படிவத்தை விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், கூட ஒரு நர்ஸோ டாக்டரோ வர வேண்டும். வென்டிலேட்டர் ஆள் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் ஜமாஅத் ஆட்கள் வசூல் செய்து, தூதரகத்தின் சமூக நல நிதியிலும் கேட்டு இப்படி ஆட்களை அனுப்பியிருக்கிறோம்.

திருச்சியிலோ மதுரையிலோ சென்னையிலோ இறங்கின பிறகு பார்த்தால், அங்கிருந்து கீழக்கரைக்கு மறுபடியும் ரோடு. கடல் தாண்டி மூவாயிரம் கிலோமீட்டர் நாலு மணி நேரத்தில் வந்தவன் கடைசித் துண்டில் ஆடி ஆடிப் போகிறான்.

பரமக்குடி நர்ஸ்

எனக்கு ஊர் பரமக்குடி, இப்போது சென்னை. ஆறு வருடமாக விமானத்தில் நோயாளிகளைக் கூட்டிவருகிற குழுவில் நர்ஸாக இருக்கிறேன். தம்பி, உங்களுக்கு நடந்தது அடிக்கடி நடக்கிறது. உங்களிடம் பேசினவர்கள் தரகர்கள். விமானம் ஒன்று, அதை விற்கிறவர்கள் பத்துப் பேர். ஏன் இப்படி என்று சொல்கிறேன், அதில்தான் உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

கிராக்கி கூடியிருப்பது நிஜம். கொரோனா இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல், மே மாதங்களில், நாங்கள் தூங்கவே இல்லை. நுரையீரல் வேலையை உடம்புக்கு வெளியே செய்கிற எக்மோ இயந்திரம் இருக்கிற சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் வடக்கிலிருந்து நுரையீரல் போனவர்களைக் கொண்டுவந்தபடியே இருந்தோம். அதுவரை ஏர் ஆம்புலன்ஸ் என்றால் மந்திரிக்கும் முதலாளிக்கும் என்று நினைத்தவர்கள், நிலத்தை விற்றாவது கேட்கலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். அதோடு மத்திய அரசின் உடான் விமானத் திட்டத்தில் சின்ன ஊர்களில் விமான நிலையங்கள் திறந்தன, இறங்க இடம் கிடைத்தது. மாற்று உறுப்பு அறுவை சிகிச்சை பெருகியது. மாரடைப்பு நாற்பது வயதிலேயே வருகிறது. ஆனால் பெரிய சிகிச்சை எல்லாம் ஏழெட்டு ஊர்களில்தான் குவிந்து கிடக்கிறது. நோய் ஊரெல்லாம், டாக்டர் ஒரு இடத்தில் என்றால் நடுவில் ஒரு வண்டி ஓடத்தானே செய்யும்?

விமானம் அவ்வளவு கூடவில்லை. கிங் ஏர் மாதிரி இரட்டை இன்ஜின் சின்ன விமானம், பிசி 12, சில ஜெட்டுகள். பலவும் வாடகை விமானங்கள். இன்று தொழிலதிபரை ஏற்றும், நாளைக்கு சீட்டைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் பொருத்திக்கொண்டு நோயாளியை ஏற்றும். விமானம் ஹைதராபாத்தில் நின்றால் அங்கிருந்து மதுரைக்குக் காலியாக வருகிற செலவும் உங்கள் தலையில்தான்.

எல்லாரும் பறக்கிற நேரத்தை மட்டும் பார்க்கிறார்கள். நாங்கள் பார்ப்பது கட்டிலிலிருந்து கட்டில் வரை ஆகிற நேரம். மதுரையிலிருந்து சென்னை பறக்க ஒரு மணி நேரம். ஆனால் விமானம் வந்து சேர வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், நோயாளியை ஐசியூ வென்டிலேட்டரிலிருந்து எங்கள் சின்ன வென்டிலேட்டருக்கு மாற்றி அரை மணி நேரமாவது தாங்குகிறாரா என்று பார்க்க வேண்டும், ஆம்புலன்ஸில் விமான நிலையம், கதவு வழியாக ஸ்ட்ரெச்சரைச் சாய்த்து ஏற்றுவது, அந்தப் பக்கம் இறங்கி மறுபடியும் ஆம்புலன்ஸ். ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்தால் நல்ல வேலை என்போம். ரோட்டில் எட்டு மணி நேரம். மிச்சமாகிற மூன்று மணி நேரத்துக்குத்தான் அந்த லட்சங்கள். சிலருக்கு அந்த மூன்று மணி நேரம் உயிர், சிலருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. இதை நோயாளியைப் பார்க்கிற டாக்டரிடம் கேளுங்கள், பணம் வாங்குகிற ஆளிடம் கேட்காதீர்கள்.

மேலே போனால் உடம்பும் மாறும். உள்ளே அழுத்தம் கொடுத்தாலும் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருக்கிற மாதிரிதான் காற்று இருக்கும். உடம்புக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்தவரைக் குழாய் போடாமல் ஏற்றினால் நடுவானில் நுரையீரல் நசுங்கும். மூச்சுக்குழாயில் போட்ட டியூபின் பலூனைக்கூட நான் ஏறும்போதும் இறங்கும்போதும் விரலால் தொட்டு, அளவு பார்த்துக்கொண்டே இருப்பேன். இது தெரியாத ஆளை வெள்ளைக் கோட்டு மாட்டி அனுப்புகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பயம்.

அடுத்த தடவை யாருக்காவது தேவைப்பட்டால் முதலில் விமானத்தின் வால் எண்ணைக் கேளுங்கள், நம் நாட்டில் விடி என்று ஆரம்பிக்கும். விமானங்களைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏவின் அனுமதி யார் பெயரில் இருக்கிறது, விமானம் இந்த நிமிடம் எந்த ஊரில் நிற்கிறது, கூட வருகிற டாக்டர் ஐசியூ வேலை பார்ப்பவரா என்று கேளுங்கள். கிளம்பாவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள்.

உச்சிப்புளிக்காரன்

அக்கா சொன்ன கணக்கை நம்ம கரைக்குப் போட்டுப் பார்த்தேன். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் 150 கிலோமீட்டர். ஹெலிகாப்டர் மணிக்கு 220 போனால் நாற்பது நிமிடம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஹெலிகாப்டர் சென்னையில் நின்றால்? சென்னையிலிருந்து ராமேஸ்வரம் 430 கிலோமீட்டர். வந்து சேரவே இரண்டு மணி நேரம், அதற்கு முன் ஆள் ஏற்பாடு, அனுமதி. அதற்குள் மண்டபம் அண்ணன் மதுரைக்குள் போயிருப்பார். ஆக, எவ்வளவு வேகம் என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம்.

எங்கள் ஊரில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து இருக்கிறது, 2009ல் தொடங்கியது. ஓடுதளம் இருக்கிறது, ஹெலிகாப்டர் தினமும் எங்கள் வீட்டுக்கு மேலேதான் போகிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் போட இங்கிருந்தும் பறந்தார்கள். அவர்கள் வேலை எல்லைக் காவல், அதை ஆம்புலன்ஸாக்கு என்று கேட்க முடியாது, புரிகிறது. ஆனால் அரசு ஒரு மருத்துவ ஹெலிகாப்டரை வாங்கினால் அது நிற்க இடம் தேடி அலைய வேண்டாம். 2025-26 தமிழக பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று சொன்னார்கள். அது வரும்போது வரட்டும். யாத்ரீகர்களுக்காக வருவதில் ஓர் ஓரம் நோயாளிக்கும் ஒதுக்க வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும், கட்டி முடித்த பிறகு கேட்டால் இடம் இருக்காது.

வேறு மாநிலத்தில் செய்யாமல் இல்லை. மத்தியப் பிரதேசம் 2024ல் ஆரம்பித்தது, அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான ஆயுஷ்மான் அட்டை இருந்தால் இலவசம். ரிஷிகேஷ் எய்ம்ஸில் அதே வருடம் அக்டோபரில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கினார்கள். அது 2025 மே மாதம் கேதார்நாத்தில் இறங்கும்போது வால் உடைந்தது, உள்ளே இருந்த மூன்று பேரும் தப்பினார்கள். லட்சத்தீவில் எத்தனையோ வருடமாக ஹெலிகாப்டரில்தான் தீவுகளிலிருந்து கொச்சிக்கு நோயாளிகளைக் கொண்டுபோகிறார்கள். நமக்குப் பாலம் இருப்பதால் நாம் தீவு என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

மடத்துக்கரை

அக்கா, வால் எண் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால்! படம் என் போனிலேயே இருந்தது. நன்றி. மற்றவர்களும் எழுதுங்கள், அத்தைக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரியபட்டினம் சங்கு

எங்கள் அப்பா சங்குகுளி. இப்போது வயதாகிவிட்டது, அண்ணன் போகிறார். படகில் கம்ப்ரசர் வைத்து, குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டு சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிக்கொள்ளும். மூட்டு மூட்டாக வலிக்கும், இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். எங்கள் தெருவில் இரண்டு பேர் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார்கள். இரண்டு பேருமே அன்றைக்குச் சுடுமணலில் படுக்கவைத்தால் சரியாகும் என்று வீட்டில் வைத்திருந்தவர்கள்.

இதில் என் கேள்வி. இப்படிப்பட்டவரை ஹெலிகாப்டரில் ஏற்றலாமா? மேலே போனால் காற்று விரியும் என்று நர்ஸ் அக்கா எழுதியிருக்கிறாரே.

பரமக்குடி நர்ஸ்

மிகச் சரியான கேள்வி, தம்பி. அந்தக் குமிழ் உயரத்தில் பெரிதாகும். அதனால் இவர்களை ஆயிரம் அடிக்கு மேல் போகாமல் தாழப் பறந்து கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் தரைமட்ட அழுத்தம் வைக்கக்கூடிய விமானத்தில். ஏற்றுவதற்கு முன்பே முழு ஆக்ஸிஜன் முகமூடி, மல்லாக்கப் படுக்கவைத்து, தண்ணீர் குடிக்க முடிந்தால் கொடுத்து, சீக்கிரம் அழுத்த அறை, அதாவது காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தருகிற அறை, இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சுடுமணல் வேண்டாம், கையைக் காலைத் தேய்த்துவிடவும் வேண்டாம், மறுபடி தண்ணீருக்குள் இறக்கவும் வேண்டாம். தயவுசெய்து உங்கள் தெருவில் எல்லாரிடமும் சொல்லுங்கள். நம்ம கரையில் ஹெலிகாப்டர் வைத்தால் அதன் குழுவுக்குச் சங்குகுளி பற்றித் தெரிந்திருக்க வேண்டும், டெல்லியில் எழுதின விதிப்புத்தகத்தை மட்டும் வைத்து ஓட்ட முடியாது.

ராம்நாடு பாலிசி

நான் காப்பீட்டு முகவர். நிறையப் பேர் பாலிசியில் ஏர் ஆம்புலன்ஸ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது விற்கிற மருத்துவ பாலிசிகள் சிலவற்றில் இருக்கிறது, ஆனால் உள்ளே படியுங்கள். உச்சவரம்பு இருக்கும், அது பெரும்பாலும் உண்மையான செலவைத் தொடாது. உயிருக்கு ஆபத்தான அவசரம் என்று டாக்டர் எழுதித்தர வேண்டும். அந்த ஊரிலேயே சிகிச்சை கிடைக்கும் என்றால் தர மாட்டார்கள். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு இல்லை, முதல் தடவை சேர்ப்பதற்கு மட்டும் என்றும் சிலதில் இருக்கும், அப்படியானால் தம்பியின் மாமாவுக்கு ஒரு பைசா வந்திருக்காது. என்னிடம் பாலிசி எடுத்தவர்களுக்கு நான் அந்தப் பக்கத்தை மடித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குகிறேன்.

எனக்குப் பிடித்த முறை ஒன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. ரேகா என்கிற அமைப்பு, 1952ல் தொடங்கியது. ஜனங்கள் வருடத்துக்கு ஒரு சிறு சந்தா கட்டுகிறார்கள், 35 லட்சத்துக்கும் மேல் ஆட்கள். மலையில் யார் விழுந்தாலும் ஹெலிகாப்டர் போகும். இது நமக்குத் தெரியாத விஷயமா? நம்ம பக்கம் வருமானத்தில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு எடுத்து, மகமை என்று வைத்துத்தானே கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள்.

பாம்பன் வல்லம்

மகமை என்றதும் எழுதத் தோன்றியது. எனக்கு 58 வயது, பேரன் டைப் செய்கிறான்.

1964 புயலில் என் பெரியப்பா தனுஷ்கோடியில் போனார். ரோடு பாலம் 1988ல் வந்தது, அதற்கு முன் சீக்காளியை ரயிலில்தான் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், ரயில் இல்லாத நேரம் என்றால் படகில். எங்கள் அம்மா என் தங்கையைப் பெறும்போது படகில்தான் போனார், கச்சான் காற்று அடித்த நாள், தங்கை பிழைத்தாள், அம்மா பிழைக்கவில்லை. அதனால் ரோடு போதும், ஹெலிகாப்டர் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பாலம் கட்டும்போதும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

கலாம் ஐயாவின் உடலை 2015ல் மதுரையிலிருந்து ஹெலிகாப்டரில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். பெரிய தலைவர்கள் வந்தாலும் மண்டபத்தில்தான் இறங்குகிறார்கள். இறங்குவதற்கு முந்தின நாள் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தரையை நனைப்பார்கள், இல்லையென்றால் மணல் கிளம்பி ஒன்றும் தெரியாது. இறங்க இடம் இருக்கிறது, இறக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் ஒருவனுக்காக அது இறங்கி நான் பார்த்ததில்லை.

கடலில் ஆள் விழுந்தால் 1554 அடியுங்கள், கடலோரக் காவல்படை எடுக்கும். இது நிறையப் பொடியன்களுக்குத் தெரியவில்லை. விசைப்படகுக்காரர்கள் ஒரு நடைக்கு நூறு ரூபாய் மகமை என்றால் நான் என் வல்லத்துக்கும் கொடுக்கிறேன்.

மண்டபம் சைரன்

அண்ணன் எழுதினதைப் படித்துவிட்டு நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ரோடு முதலில் என்றேன், இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றை விடக்கூடாது. ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. மாரடைப்புக்கும் மூளை அடைப்புக்கும் அங்கேயே ராத்திரி பகல் முழுச் சிகிச்சை கிடைத்தால் எங்கள் வண்டி பாதிப் பேரை மதுரைக்கு ஓட்டவே வேண்டாம். மூளை அடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் ராமநாதபுரம் போய்விடலாம். எங்களுக்குக் கிடைக்கிற கேஸில் பாதி, வீட்டில் எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டு ஆறு மணி நேரம் கழித்துக் கூப்பிடுவதுதான். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் அந்த நிமிடமே 108.

உச்சிப்புளிக்காரன்

சென்னையில் ஐஐடியில் பிறந்த இப்ளேன் நிறுவனம், மின்சாரத்தில் நின்ற இடத்திலிருந்து எழும்புகிற விமான ஆம்புலன்ஸ் 788 தருவதாக 2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டது. நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒன்று என்பது கணக்கு. ஒப்பந்தத்துக்கும் தலைக்கு மேல் வந்து இறங்குவதற்கும் நடுவே சோதனை, சான்றிதழ் என்று நிறைய இருக்கிறது. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்று வந்தால், ராமநாதபுரத்தின் ஒன்று எங்கே இறங்கும் என்று கேட்பார்கள் இல்லையா? அப்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டும். மின்கம்பி, செல்போன் கோபுரம், பனை, தென்னை இல்லாத இடம், ராத்திரி விளக்கு, ஆம்புலன்ஸ் உள்ளே வருகிற வழி.

மடத்துக்கரை

எல்லாருக்கும் நன்றி. முழுவதையும் அத்தைக்கும் மாமாவுக்கும் வாசித்தேன். மாமாவுக்குப் பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை, ஆனால் மண்டபம் அண்ணன் எழுதின எலுமிச்சம்பழத்துக்குத் தலையை ஆட்டினார். அன்றைக்கு எங்கள் வீட்டிலும் தேய்த்தோம்.

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். கிராக்கி என்று பேப்பரில் போடுவது பணத்தோடு வருகிறவர்களின் எண்ணிக்கை. பாலத்தில் காத்திருக்கிறவர், சங்கு எடுத்துவிட்டு மரத்துப்போய்க் கிடக்கிறவர், துபாயிலிருந்து ஸ்ட்ரெச்சரில் வருகிறவர், இவர்களின் தேவை அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. மதுரைக்கு வந்து ஏமாந்து போன நாங்கள்கூட அதில் விலை விசாரித்த ஒரு போன் அழைப்பாகத்தான் இருப்போம். கணக்கில் ஏற வேண்டுமென்றால் நாம்தான் எழுத வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். பாம்பனிலும் கொடுத்தால் நல்லது, வல்லம் ஐயா உங்கள் பேரனிடம் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் தீவிலிருந்து எத்தனை பேரை மதுரைக்கு மாற்றினார்கள், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு அதைத் தீர்மானத்தோடு சேர்க்கப் போகிறேன்.

நேற்று சாயங்காலம் ஊருக்கு வெளியே இருக்கிற பொட்டலை அளந்தோம். மாமாவையும் வண்டியில் கூட்டிப்போனோம், டேப்பின் ஒரு முனையை வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், விடு என்று சொல்கிற வரை விடவில்லை. 62 மீட்டருக்கு 48 மீட்டர் வருகிறது. தெற்கு ஓரத்தில் ஒரு மின்கம்பி குறுக்கே போகிறது, மேற்கே மூன்று பனை. பனையை வெட்ட மனசில்லை. உச்சிப்புளித் தம்பி, கம்பியை மட்டும் மாற்றினால் போதுமா, பனை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் யாரையாவது கேட்டுச் சொல்ல முடியுமா? படம் போடுகிறேன்.